என்ஜினுக்குள் மாட்டிய கறுப்பு ஸ்லீவ்

2006 என்று நினைவு. அப்போது வேலம்பாளையத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். நான் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை பார்த்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் பேச வராது. ஆனால் மோட்டார் சைக்கிளைப் பிரித்து மாட்ட வரும். என் பழைய வண்டியை வாசலில் போட்டுப் பிரித்தே பழகியிருந்தேன்.

பக்கத்து வீட்டுக்குத் தேனிப் பக்கமிருந்து ஒரு தம்பி, மனைவி, ஏழு மாதக் குழந்தையோடு புதிதாகக் குடிவந்திருந்தார். அவரும் ஒரு பழைய வண்டி வாங்கியிருந்தார். நிறுத்திய இடத்திலெல்லாம் ஆயில் சொட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னிடம் வந்து, "அண்ணே, சாயங்காலம் பிள்ளையத் தூக்கிக்கிட்டு அவிநாசி கோயிலுக்குப் போகணும். இந்த ஒழுகலை நிப்பாட்ட முடியுமாண்ணே?" என்றார்.

கிளட்ச் கவருக்கும் என்ஜினுக்கும் நடுவே ஆயில் கசியாமலிருக்க வைக்கும் பேக்கிங் தாள் போயிருந்தது. ஆயிலை வடித்துவிட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். இரண்டு அசையவே இல்லை. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டி, முக்கால் மணி நேரம் கழித்துத்தான் இளகின. பிறகு, காய்ந்து ஒட்டியிருந்த பழைய பேக்கிங்கை பிளேடால் சுரண்டினேன். தூள் உள்ளே விழாமலிருக்க என்ஜினுக்குள் துணி அடைத்துக்கொள்வது என் பழக்கம். எங்கள் ஊரில் துணிக்கா பஞ்சம்? கம்பெனியில் கழித்துப்போட்ட கை வைத்த பனியன் ஒன்றைத் துண்டு துண்டாகக் கிழித்து அடைத்தேன். வழக்கமாக வெள்ளைதான் கிடைக்கும். அந்த வாரம் கம்பெனியில் ஓடியது கறுப்புத் துணி லாட்.

அடைத்த துணிகளை எடுத்துவிட்டு, புது பேக்கிங் வைத்து மூடி, புது ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் செய்து பார்த்தோம். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. "அண்ணே, பேசாம ஒர்க்‌ஷாப் போட்டுருங்க" என்று சிரித்தார். நாலு மணிக்கு மூவரும் கிளம்பிப் போனார்கள்.

அவர்கள் கிளம்பியதுமே வாசலைக் கூட்டி, கிழித்த துணிகளை அள்ளினேன். முன்பக்கம் இருந்தது. பின்பக்கம் இருந்தது. ஸ்லீவ் ஒன்றுதான் இருந்தது. பதினைந்து வருடம் பனியன் வெட்டியவனுக்கு அது போதும். ஆயிலில் ஊறிய கறுப்புத் துணி, கறுத்த என்ஜினுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் தங்கிவிட்டது. ஆயில் போகும் வழியை அது அடைத்தால், ஓடுகிற வேகத்திலேயே என்ஜின் இறுகிச் சக்கரம் நின்றுவிடும். பின்னால் அந்தத் தம்பியின் மனைவி குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறாள்.

எங்கள் இருவரிடமும் செல்போன் கிடையாது. என் வண்டியை மச்சான் எடுத்துப் போயிருந்தார். யாரிடமும் லிஃப்ட் கேட்டுப் பழகாதவன், அன்று நடுரோட்டில் கையை விரித்து நின்று ஒரு வேனை மறித்தேன்.

"ஏனுங்க, சாவறதுக்கு என்ற வண்டிதான் கெடச்சுதுங்களா?" என்று கத்தினார் டிரைவர். விஷயத்தைச் சொன்னதும், "ஏறுங்க, ஏறுங்க" என்றார்.

வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு போனேன். ஒரு போல்ட்டை இறுக்க மறந்துவிட்டேன் என்று சொல்லி வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்துவிடலாம். துணியை யாருக்கும் தெரியாமல் எடுத்துவிடலாம். அவிநாசி ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்க்கில் வரிசையில் நின்றிருந்தார்கள். ஓடிப்போய்ச் சாவியைப் பிடுங்கினேன். தாயின் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் பொய் வாயில் வரவில்லை.

"தம்பி, வண்டிய எடுக்காதீங்க. உள்ள பனியன் துணிய வெச்சு மூடிப்போட்டனுங்க. தப்பு என்மேலதானுங்க."

"கைப்பிள்ளையோட வந்திருக்கோம்ணே, இப்பிடியா பண்ணுவீங்க?" என்றாள் அந்தப் பெண். அவள் கேட்டது நியாயம். வரிசையில் நின்ற ஒருவர், "குளுருமுன்னு வண்டிக்குப் பனியன் போட்டு உட்டாராட்ட இருக்குதுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தத் தம்பி மட்டும் சிரிக்கவில்லை. மனைவியையும் குழந்தையையும் வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டார். இரண்டு கிலோமீட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தோம்.

வீட்டுக்கு வந்ததும், "நீங்க இருங்க, நான் போயி மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்தர்றேனுங்க" என்றேன்.

"மெக்கானிக் எதுக்குண்ணே? எங்க வச்சீங்கன்னு உங்களுக்குத்தான தெரியும். நீங்களே பிரிங்க" என்று ஸ்க்ரூ டிரைவரை என் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

மறுபடியும் ஆயிலை வடித்துவிட்டுப் பிரித்தேன். ஸ்லீவின் ஒரு ஓரத்தை கியர் பற்கள் கடித்து நார் நாராக்கியிருந்தன. ஆயில் வழி இன்னும் அடைபடவில்லை. நூலை ஒவ்வொன்றாக எடுத்தேன். அவர் ஒரு தட்டைப் பிடித்து வாங்கிக்கொண்டார். வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி கடைசியில், "எல்லாத்தையும் எடுத்தாச்சாண்ணே? காலர் எதுவும் உள்ள இல்லையே?" என்றாள். அப்போதுதான் அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அவர்கள் பிறகு சொந்த ஊருக்கே போய்விட்டார்கள். இன்று கட்டிங்கில் என் கீழே நாலு பேர் வேலை செய்கிறார்கள். யாராவது துணியைத் தப்பாக வெட்டிவிட்டு, மறைக்காமல் வந்து என் முன்னால் தலைகுனிந்து நின்றால், அவர் கையிலிருக்கும் கத்தரியைப் பிடுங்கி வேறு ஆளிடம் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.