வெர்னாவும் கடைசித் துண்டும்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், கொட்டும் பனியிலும் பள்ளிப் பேருந்தை அசராமல் ஓட்டும் வெர்னா லிண்ட்குவிஸ்டுக்கு, தன்னைப் போல் இன்னொருத்தி இல்லை என்ற நினைப்பு உண்டு. தேவாலய விருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ‘மினசோட்டாக்காரர்களின் பதினாறு பழக்கங்கள்’ என்ற இணையக் கட்டுரையைப் படித்தாள். பதினைந்தும் அப்படியே அவள்தான். கடைசி ஒன்றைத்தான் அவள் ஒப்புக்கொள்ளவில்லை: தட்டில் கடைசித் துண்டை யாரும் முழுதாக எடுக்க மாட்டார்கள், பாதியை வெட்டி விட்டுவைப்பார்கள்.

“என்னைப் பத்தி இவனுங்களுக்கு என்னடி தெரியும்? இப்ப எடுக்கறேன் பாரு!”

மேசையில் ஒரே ஒரு எலுமிச்சைக் கேக் துண்டு மிஞ்சியிருந்தது. வெர்னா விறுவிறுவென்று போனாள்.

“எடு வெர்னா, எவன் கேக்கப்போறான்!” என்று அவள் கணவர் ஆர்லன் கத்தினார்.

கூடமே திரும்பிப் பார்த்தது. அவள் கை கத்தியை எடுத்து, துண்டைப் பாதியாக வெட்டிவிட்டது.

“பாவி கை, சொன்ன பேச்சைக் கேக்குதா பாரு!” என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

மிச்சத்தை எடுக்க நான் எழுந்துபோனேன். அதிலும் பாதியை விட்டுவிட்டுத்தான் வந்தேன்.