எனக்கு மட்டும் தீர்ந்துபோன பன்

டீயில் ஏதோ குறைகிறது என்று எனக்கு முதலில் தோன்றியது ஒரு திங்கட்கிழமை. கிழமை எப்படி நினைவிருக்கிறது என்றால், அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரி என் சட்டையை முகர்ந்து பார்க்கவில்லை.

வழக்கமாக முகர்வாள். நான் பேக்கரிக்குப் போய்விட்டு வந்தால் வாசலிலேயே நிறுத்தி, "தேங்கா பன்னு தின்னீங்களா?" என்பாள். இல்லை என்பேன். சட்டையைப் பிடித்து மோந்துவிட்டு, "பொய்யி" என்பாள். அன்றைக்கு ஒன்றும் கேட்காமல் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இத்தனை வருஷம் கூட இருந்தவள் ஒன்றைக் கேட்காமல் விட்டால் அதில் ஏதோ இருக்கிறது.

சர்க்கரை வியாதி எனக்கு ரொம்ப நாளாக இருக்கிறது. போன வருஷம் கால் பெருவிரலில் ஒரு புண் வந்து ஆறவே இல்லை. மகன் பட்டறையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். விரல் தப்பித்தது. அதிலிருந்து வீட்டில் எனக்கு எல்லாம் அளவுதான். சோறு இரண்டு கரண்டி. மாம்பழம் ஒரு கீற்று. அதையும் நான் தின்று முடிக்கும்வரை நாலு கண் பார்க்கும். மிச்சம் இருந்தது சாயங்காலம் நாலு மணிக்கு நானாக நடந்து பேக்கரிக்குப் போகிற அந்த ஒரு மணி நேரம். அங்கே என்ன வேண்டும் என்று நான் சொல்வேன், அவர்கள் கொடுப்பார்கள். அதுவும் போய்விட்டால் அந்த வீட்டில் நானும் ஒரு கைப்பிள்ளைதான்.

டீ சப்பென்று இருந்ததைக் கடைக்காரரிடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். எங்கள் பக்கத்தில் அது அவ்வளவு லேசில்லை. அவர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, "டீ எப்படிங்கய்யா?" என்று சிரிக்கிறார். சிரிக்கிற மனுஷனிடம் நன்றாக இல்லை என்று எப்படிச் சொல்வது? "நெம்ப நல்லாருக்குங்க தம்பி" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். மூன்று வாரம் சொன்னேன்.

மூன்று வாரமும் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருந்தேன். முதலில் பால்மேல் சந்தேகம். அப்புறம் டாக்டர் புதிதாக எழுதிய மாத்திரைமேல். நாக்கு செத்துப்போய்விட்டதோ என்றுகூட நினைத்தேன். ஒரு மத்தியானம் எல்லோரும் படுத்திருந்தபோது சமையலறையில் வெல்லத்தைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தேன். நன்றாகவே இனித்தது. சரியாகப் பார்க்க வேண்டுமே என்று இன்னும் கொஞ்சம் கிள்ளினேன்.

பன் விஷயமும் உதைத்தது. எப்போது கேட்டாலும், "இப்பத்தானுங்கய்யா தீந்துபோச்சு" என்பார். நாலு மணிக்குப் போனேன், தீர்ந்துபோச்சு. மூன்று மணிக்குப் போனேன், தீர்ந்துபோச்சு. ஒருநாள் காலை பதினோரு மணிக்கே போய் நின்றேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகி, "இன்னும் வரலீங்கய்யா" என்றார். காலையில் இன்னும் வரவில்லை, மத்தியானம் தீர்ந்துபோச்சு என்றால் அந்தப் பன் எப்போதுதான் கடையில் இருக்கிறது?

நான் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் நூற்பில் வேலை பார்த்தவன். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. ஆனால் மில் ஒன்று சொல்லிக்கொடுத்தது. ஒரு இடத்தில் இழை அறுந்துகொண்டே இருந்தால் உடனே பஞ்சைத் திட்டக் கூடாது. பக்கத்து இழையைப் பார்க்க வேண்டும். அதுவும் அறுந்தால் பஞ்சில் கோளாறு. அது ஒழுங்காக ஓடினால் கோளாறு இந்த இடத்தில் மட்டும்தான். டீக்கு இது ஏன் முன்பே தோன்றவில்லை என்று தெரியவில்லை. சர்க்கரையைத் தனித்தனி டம்ளரில்தானே போடுகிறார்கள்.

மறுநாள் பேக்கரிக்கு எதிரே பஸ் நிழற்குடைத் தூணுக்குப் பின்னால் நின்று கடையைக் கவனித்தேன். ஒரு ஆட்டோக்காரர் வந்தார். அவருக்குத் தட்டில் பன் வந்தது. தேங்காய்ப்பூவும் செர்ரியும் பிதுங்கிக்கொண்டிருந்த முழு பன். நேராகப் போய் அவர் பக்கத்தில் நின்றேன். எனக்கும் அவருக்கும் டீ வந்தது. தவறி எடுக்கிறவன் மாதிரி அவர் டம்ளரை எடுத்து ஒரு மடக்கு குடித்தேன்.

சர்க்கரை என்றால் அப்படிச் சர்க்கரை.

"ஏனுங்கய்யா, அது அவருதுங்க" என்று கடைக்காரர் பதறினார்.

"தெரியுமுங்க தம்பி. ரெண்டும் ஒரே பாலுதானுங்களே?"

"ஒரே பாலுதானுங்க."

"பொறகு எதுக்குங்க இது மட்டும் இனிக்குது?"

அவர் துண்டை எடுத்துத் துடைத்த மேசையையே மறுபடி துடைத்தார். "உங்க பையன் வந்து சொல்லிப்போட்டாருங்க. சக்கரை போடக் கூடாது, பன்னு குடுக்கக் கூடாதுன்னு. உங்க மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரலீங்கய்யா."

"அய்யா, மிச்சத்தையாச்சும் குடுங்க. பாதியைக் குடிச்சுப்போட்டீங்க" என்றார் ஆட்டோக்காரர். கடையில் நாலு பேர் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

வீட்டுக்கு நடக்கும்போது கோபத்தை நன்றாக ஊதிப் பெருக்கிக்கொண்டே போனேன். பாதி வழியில் ஒரு பழைய புரோட்டாக் கடை நினைவில் குறுக்கே வந்தது.

மகன் ஒன்பதாவது படித்தபோது டியூஷனுக்குப் போகாமல் மில் கேட்டுக்கு எதிரில் இருந்த புரோட்டாக் கடையில் பெரிய பையன்களோடு உட்கார்ந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைக்காரரிடம் போய், "என்ற பையன் வந்தா எதும் குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். பொங்கலுக்கு மாமன் கொடுத்த பணத்தை எடுத்துக்கொண்டு அவன் போயிருக்கிறான். எல்லோர் முன்னாலும் இல்லை என்றுவிட்டார்கள். திரும்பி வந்து அம்மாவிடம், "நான் என்னம்மா திருடனா?" என்று கேட்டான். நான் உள்ளே கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளைக்குப் புத்தி வரட்டும் என்று எனக்கு அப்போது சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை மறைக்க இப்போது என்ன இருக்கிறது.

இரவு மகன் பட்டறையிலிருந்து வந்தான். பம்புக்கு வேண்டிய சாமான் கடைகிற பட்டறை. எவன் அளந்து கொடுத்தாலும் தானும் ஒருமுறை அளந்து பார்க்காமல் வாங்க மாட்டான். அந்தச் சந்தேகப் புத்தி யாரிடமிருந்து வந்தது என்று என் மனைவி அடிக்கடி கேட்பாள்.

"பேக்கரில என்ன சொன்னே?" என்றேன்.

அவன் மறைக்கவில்லை. "சொன்னேனுங்கப்பா."

"எங்கிட்ட நேரா சொல்றதுக்கென்ன?"

"சொன்னா கேப்பீங்களா?"

"கேக்க மாட்டேன்."

"அப்பறம்?"

உள்ளேயிருந்து என் மனைவி சிரித்தாள். "நீயும் கூட்டுத்தானா?" என்றேன். "மோந்து மோந்து எனக்கு மூக்கே போச்சுங்க" என்றாள்.

"காலுக்கு நல்லதுன்னுதான் பண்ணுனே. அதைத் தப்புன்னு சொல்லலை. ஆனா நாலு பேரு முன்னால என்னையச் சின்னப்பையனாக்கிப் போட்டியேடா" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் விடவில்லை. "அந்தப் புரோட்டாக் கடைக்குப் பழி வாங்கறயா?"

"எந்தப் புரோட்டாக் கடைங்கப்பா?"

முகத்தை நன்றாகப் பார்த்தேன். ஒன்றும் தெரியாதவன் மாதிரிதான் இருந்தது. ஆனால் பட்டறையில் போன வருஷம் எந்தத் திருகு சரியில்லை என்பதுவரை நினைவு வைத்திருப்பவன் அவன். அது மட்டும் எப்படி மறக்கும்? மறந்திருந்தால் எனக்கு நிம்மதி. மறக்காமல் எனக்காக மறந்த மாதிரி நடித்தான் என்றால், அதை என்னவென்று எடுத்துக்கொள்வது?

கடைசியில் நான்தான் ஒரு ஏற்பாடு சொன்னேன். கடைக்காரரிடம் யாரும் எதுவும் சொல்லக் கூடாது. சர்க்கரை இல்லாத டீயை நானே என் வாயால் கேட்டு வாங்கிக்கொள்வேன். சனிக்கிழமை ஒரு பன், பாதி எனக்கு, பாதி அவன் அம்மாவுக்கு. "கடைக்காரர்கிட்ட போய் இனி எல்லாம் அப்பா விருப்பமுன்னு சொல்லிப்போடறேனுங்க" என்றான். "அதையும் நானே சொல்லிக்கிறேன்" என்றேன்.

மறுநாள் நாலு மணிக்குப் போய், கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி, "சக்கரை இல்லாம ஒரு டீ போடுங்க தம்பி" என்றேன். கடைக்காரர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. டீ சப்பென்றுதான் இருந்தது. "எப்படிங்கய்யா?" என்றார். "சப்புன்னு இருக்குதுங்க" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

காசு கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அவர் கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்தார்.

"யாருக்குங்க தம்பி?"

"பால்காரருக்குங்கய்யா. இன்னும் காணோம்."

சரி என்று சொல்லிவிட்டு, போன் என் மகனுக்கோ என்ற சந்தேகத்தோடு நிழற்குடையில் போய் உட்கார்ந்தேன். எனக்கு ஒரு அவசரமும் இல்லை. அரை மணி கழித்துப் பால் வண்டி வந்தது. கேனை இறக்குவதைக் கண்ணாலேயே பார்த்தேன். ஆனால் பால் வண்டி தினமும்தானே வருகிறது.