வாயில் தையல், வண்டியில் ஜெசிந்தா

1. வராத கிளாசுக்கு ஓடியது

பல் டாக்டர் நாற்காலியைப் பின்னால் சாய்த்ததும் என் வலது கால் தானாகப் போய் பிரேக்கை மிதித்தது. பல் ஆஸ்பத்திரி நாற்காலியில் பிரேக் ஏது? மிதித்த வேகத்தில் செருப்புதான் கழன்று விழுந்தது.

செங்கல்பட்டில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறேன். எங்கள் வண்டி டூயல் கன்ட்ரோல். ஓட்டுகிறவருக்கு இருப்பதுபோல என் காலடியிலும் தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. இத்தனை வருஷம் அந்த இடது பக்க சீட்டில் உட்கார்ந்ததில், பயம் வந்தால் எனக்கு முதலில் கால்தான் கீழே போகும்.

பிரச்சினை மேல் வரிசை முன்பல்லில். எப்போதோ ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் அடிபட்டு, வேர் சிகிச்சை செய்து கேப் போட்ட பல் அது. இப்போது மறுபடியும் ஈறு வீங்கியது. டாக்டர் சின்னப் பெண், பொறுமைசாலி. எக்ஸ்ரேயைக் காட்டி, வேரின் நுனியில் சீழ் கோர்த்திருக்கிறது, ஈறைத் திறந்து நுனியைக் கொஞ்சம் வெட்டி எடுத்து, சுத்தம் செய்து தையல் போட வேண்டும், பல்லைக் காப்பாற்றிவிடலாம் என்று நிதானமாகச் சொன்னார். என் காதில் விழுந்தது 'திறந்து', 'வெட்டி' இரண்டும்தான். எனக்கு கிளாஸ் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அன்றைக்கு எனக்கு கிளாசே கிடையாது.

ஊசிக்குப் பயந்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய பயம் வேறு. எனக்கு வாய்தான் பிழைப்பு. நான் கற்றுக்கொடுப்பதே கத்தித்தான். கண்ணாடி ஏற்றியிருந்தாலும் என் சத்தம் ரோட்டுக்குக் கேட்கும். ஜி.எஸ்.டி. ரோட்டு டீக்கடையில் நிற்பவர்களுக்குக்கூட என் மாணவிகளின் பெயர் தெரியும். உதடு கோணிப் போனால், பேச்சு குழறினால், என்னை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்? இதை வீட்டில்கூடச் சொல்லவில்லை. மாத்திரையை விழுங்கிவிட்டு நாளைக் கடத்தினேன்.

2. நர்சம்மா பிடித்த பிடி

அப்போது என்னிடம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த பேட்ச்சில் ஜெசிந்தா என்று ஒரு நர்ஸ் இருந்தார். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டு டியூட்டி. எவ்வளவு ரத்தம் பார்த்தாலும் அசர மாட்டார். ஆனால் எதிரே லாரி வந்தால் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே கண்ணை மூடிக்கொள்வார். கிரவுண்டில் எட்டு போடச் சொன்னால் அழகாகப் போடுவார். ரோட்டில் இறக்கினால் எனக்கு உயிர் போய் உயிர் வரும். "இன்னா பாத்துகினு கீறே, ரோட்டப் பாரு, கிளட்ச்ச வுடு, கிளட்ச்ச வுடு" என்று ஊரப்பாக்கத்தில் ஆரம்பித்தால் கூடுவாஞ்சேரி வரைக்கும் ஓயாது.

ஒருநாள் வண்டியை ஓரம் கட்டியதும் அவர் என் மூக்குக்குக் கீழே உற்றுப் பார்த்தார். வீக்கம் எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். நர்சிடம் பொய் சொல்லித் தப்ப முடியுமா? டாக்டரிடமிருந்து ஓடி வந்த கதை வரைக்கும் கொட்டிவிட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். கொஞ்சம் சிரிக்கத்தான் செய்தார்.

பிறகு விவரமாகச் சொன்னார். பயந்தவள் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாள் முழுக்க நினைத்து நினைத்து வேகாமல் இருக்க, காலையில் முதல் ஆளாக நேரம் வாங்க வேண்டும். டாக்டர் வேண்டாம் என்று சொல்லாவிட்டால், வெறும் வயிற்றோடு போகக் கூடாது. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக விட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, இடது கையைத் தூக்கினால் வேலையை நிறுத்த வேண்டும் என்று டாக்டரோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். நைட் டியூட்டி முடித்துவிட்டு தானே கூட வருவதாகவும் சொன்னார். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் டாக்டருக்கு போன் போட்டுவிட்டார்.

3. கையைத் தூக்கிப் பார்த்தது

அந்தக் காலையில் நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு ஜெசிந்தாவோடு போனேன். "எனக்கு ரொம்ப பயமா கீது டாக்டர்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன். அவர் முகம் மலர்ந்தது. பல பேர் இதைச் சொல்வதில்லை, சொல்லிவிட்டால் தனக்கும் வேலை சுலபம் என்றார்.

நாற்காலியில் சாய்ந்ததும் கையைத் தூக்கினேன். டாக்டர் நின்றார். மறுபடி கண்ணாடியை வாய்க்குள் கொண்டு வந்தார், மறுபடி தூக்கினேன், மறுபடி நின்றார். மூன்றாவது முறை, "டெஸ்ட் எடுக்கறீங்களாக்கா? நான் பாஸா?" என்று கேட்டார். பாஸ்தான். அதற்குப் பிறகு எனக்குக் கையைத் தூக்கவே தோன்றவில்லை. நிறுத்த முடியும் என்று தெரிந்ததே போதுமானதாக இருந்தது.

ஊசி எறும்பு கடித்த அளவுக்குத்தான் வலித்தது. மேல் உதடு யாரோ இரவல் கொடுத்ததுபோல ஆகிவிட்டது. மெஷின் சத்தம்தான் மண்டைக்குள் கேட்டது. அப்போது பார்த்து என் வலது கால் வேலையை ஆரம்பித்துவிட்டது. மிதிக்கிறேன், மிதிக்கிறேன், நாற்காலியே குலுங்குகிறது. கால்மாட்டில் நின்றிருந்த ஜெசிந்தா என் பாதத்தின் மேல் கையை வைத்தார்.

"அக்கா, வண்டி நின்னுகினுதான் கீது. கால எடுங்க."

வாயைத் திறந்து வைத்துக்கொண்டு சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. டாக்டரும் கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்தபோது கால் அடங்கியிருந்தது. அதற்கப்புறம் தையல் போடும் வரைக்கும் மூச்சை நீளமாக விட்டுக்கொண்டு கிடந்தேன்.

4. அமைதியான வீடு

வலியைவிட வீக்கம்தான் படுத்தியது. முதல் நாள் பரவாயில்லை, அடுத்த நாள் கண்ணுக்குக் கீழே வரைக்கும் ஏறிவிட்டது. இப்படி வீங்கித்தான் வடியும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை. முதல் நாள் துணியில் சுற்றிய ஐஸை விட்டு விட்டு கன்னத்தில் வைத்தேன். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்து மெதுவாகச் சாய்த்துத் துப்பினேன். உறிஞ்சிக் குடிக்கக் கூடாது. உதட்டைத் தூக்கித் தையலைப் பார்க்கக் கூடாது. கண்ணாடி முன்னால் போகிறபோதெல்லாம் கை துறுதுறுத்தது, இழுத்து இழுத்து அடக்கினேன். கத்துவது அறவே கூடாது, தையல் இழுத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னதை ஜெசிந்தா போன் போட்டு என் வீட்டுக்காரரிடமும் சொல்லி வைத்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனி வேன் ஓட்டுகிறவர். ஆற வைத்த கேழ்வரகுக் கூழ், குழைந்த தயிர் சாதம் என்று பக்குவமாகச் செய்து கொடுத்தார். "நம்ம வூட்ல ஃபேன் சத்தம் கேக்குதுன்றதே இன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்" என்று ஒரு குத்தும் வைத்தார். பதில் சொல்ல முடியாமல் தலையணையை வீசினேன். இதற்காகவா அத்தனை நாள் மாத்திரையோடு ஓடினோம் என்று எனக்கே என்மேல் சிரிப்பு வந்தது.

5. மாமல்லபுரம் வரைக்கும்

வீக்கம் வடியத் தொடங்கியதும் எங்கள் முதலாளி கூப்பிட்டார். டெஸ்ட் நெருங்குகிறது, பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேறு ஆள் இல்லை. "வாய்தானேம்மா ரிப்பேரு, காலு நல்லாத்தானே கீது? சும்மா உக்காந்துகினு வா" என்றார். டாக்டரும் வேலைக்குப் போகலாம், சத்தம் மட்டும் போடக் கூடாது என்றார். சத்தம் போடாமல் என்ன கிளாஸ்? என் பிழைப்பே இன்றைக்கு நாறப்போகிறது என்ற நினைப்போடுதான் போய் வண்டியில் ஏறினேன். முதல் கிளாஸ் ஜெசிந்தாவுக்கு.

ஏறியதுமே அவர் விரலை உதட்டில் வைத்து எச்சரித்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். நான் கையைக் காட்டித் திருக்கழுக்குன்றம் ரோட்டில் திருப்பச் சொன்னேன். ஒரு வளைவு தாண்டியதும் எதிரே பஸ் வந்தது, அதை ஒட்டி ஒரு பைக்காரன் முந்திக்கொண்டு வந்தான். கத்துவதற்கு வாயைத் திறந்தேன். தையல் சுரீரென்று இழுத்தது. மூடிக்கொண்டேன். காலைப் பிரேக்கின் மேலேயே வைத்துக்கொண்டு ஜெசிந்தாவைப் பார்த்தேன்.

அவர் கண்ணை மூடவில்லை. ஆக்சிலேட்டரை விட்டு, பிரேக்கைத் தொட்டு, இரண்டாவது கியருக்கு இறக்கி, இடது பக்கம் அணைத்துக்கொண்டார். பைக்கும் பஸ்ஸும் போயின. மறுபடி கியரை ஏற்றினார். என் கால் ஒன்றுமே செய்யவில்லை. அதற்குப் பிறகு மாடு வந்தது, டிராக்டர் வந்தது, சவுக்குக் கட்டை ஏற்றின லாரி வந்தது. எல்லாவற்றுக்கும் வழி விட்டு, நான் திரும்பச் சொல்லட்டும் என்று ஓட்டிக்கொண்டே இருந்தார். நான் திரும்பச் சொல்லவே இல்லை. சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு. டூரிஸ்ட் வேன்களுக்கு நடுவில் வண்டியை நிறுத்தி அவர் ஹேண்ட்பிரேக்கை இழுத்தபோது, மாமல்லபுரத்துக் கடல் காற்று ஜன்னலில் அடித்தது.

கப் ஐஸ்கிரீம் வாங்கி வந்தார். ஆபரேஷன் ஆனவர்களுக்கு நல்ல ஆகாரம் என்று நர்சே சொல்லும்போது மறுப்பானேன்? இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தாய் இந்த ஓட்டத்தை என்று கையாலேயே கேட்டேன். அவர் கப்பைக் கிளறிக்கொண்டே சொன்னார்.

"கோச்சுக்காதீங்கக்கா. நீங்க கத்தும்போது நான் ரோட்டப் பாக்க மாட்டேன். உங்க மூஞ்சியத்தான் பாப்பேன். லாரியவிட உங்களப் பாத்துதான் கண்ண மூடிக்குவேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாய் மட்டும் நன்றாக இருந்திருந்தால் அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். சொல்ல முடியாததால் யோசிக்க வேண்டியதாகப் போயிற்று. யோசித்தால் அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. இதுவரை என் பக்கத்தில் ஸ்டீயரிங் பிடித்த ஒவ்வொருத்தியும் என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு ஓட்டியது ஞாபகம் வந்தது. சிரித்துவிட்டேன், தையல் இழுக்க இழுக்கச் சிரித்தேன்.

தையலைப் பிரித்தார்கள். உதடு கோணவில்லை, குரலும் போகவில்லை, பழைய சத்தம் அப்படியே இருக்கிறது. டெஸ்டில் ஜெசிந்தா ஓட்டியதைப் பார்த்து ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் பாதியிலேயே போதும்மா, இறங்கு என்று பாஸ் போட்டார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன். சொல்ல வேண்டியதை எல்லாம் வண்டி நிற்கும்போதே சொல்லிவிடுங்கள். எப்போது நிறுத்த வேண்டும் என்றாலும் ஒரு வார்த்தை சொல்லு, நான் நிறுத்துவேன் என்று கற்றுக்கொள்ள வருகிறவளுக்குச் சத்தியம் செய்துகொடுங்கள். வண்டி நகர்ந்த பிறகு அவள் கண் ரோட்டில் இருக்க வேண்டும் என்றால் நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். நான் இப்போது அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். கோபமா மேடம் என்று சிலர் கேட்கிறார்கள், இல்லை, நல்லா ஓட்டுகிறாய் என்கிறேன். இதே முறையை வீட்டிலும் கடைப்பிடித்தால் என்ன என்று என் வீட்டுக்காரர் கேட்டார். உங்களுக்குத்தான் லைசென்ஸ் இருக்கிறதே, உங்களுக்கு எதற்கு கிளாஸ் என்று சொல்லிவிட்டேன்.