கணக்கு இல்லாத பௌதிகம்

பெயிலானவர்களுக்குப் பௌதிகம் நடத்துவதும் ஒரு பிழைப்புதான். வாத்தியார் வேலை பார்த்து நொந்தவர்கள் இதைப் படித்தால், கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள். எழுபதுகளின் கடைசியில், மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு மாடி டுடோரியலில் சேர்ந்தேன். முதல் நாளே முதலாளி கூப்பிட்டார். "தம்பி, போர்டுல சமக்குறி விழுந்துச்சுன்னா பயலுக மேட்னி ஷோவுக்குப் போயிருவாய்ங்க. கணக்கக் கண்ணுல காட்டாம பௌதிகம் நடத்துங்க."

வந்தது யார்?

ஓடுவதும் நிற்பதும் பார்க்கிறவனைப் பொறுத்தது என்று ஆரம்பித்தேன். பஸ்ஸில் இருக்கிறவனுக்குப் புளியமரம்தான் பின்னால் ஓடுகிறது, அவன் சொல்வதும் தப்பில்லை என்றேன். தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

தவமணி கொட்டாவி விட்டான். பிரைவேட் பஸ்ஸில் கிளீனர். கண்டக்டராக வேண்டும் என்று பத்தாவது எழுதிக்கொண்டிருந்தான். "இதுக்கு எதுக்கு சார் இம்புட்டு நேரம்? தெனமும் 'திருப்பரங்குன்றம் வந்துருச்சு, எறங்கு'ன்னுதான் கத்துறேன். பஸ்ஸு வந்துருச்சுன்னு என்னைக்காவது சொல்லிருக்கேனா?"

எது வேலை?

பாண்டிச்செல்வி பேரையூர்ப் பக்கம். வீட்டில் கூலி வேலை. இவள் மதுரையில் ஒரு நர்சிங் ஹோமில் ஆயா. சயின்ஸும் கணக்கும் பாஸானால் நர்ஸ் டிரெய்னிங். பெயிலானால் தை மாதம் மாமன் மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அவனைக் கண்டாலே பிடிக்கவில்லை என்று என்னிடமே சொன்னாள்.

பொருள் நகர்ந்தால்தான் வேலை, தூக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றால் பௌதிகத்தில் அது வேலையே இல்லை என்றேன். "ஸ்டாண்டு இல்லன்னு குளுக்கோஸ் பாட்டில ஒரு மணி நேரம் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன் சார். கையே விட்டுப் போச்சு. அதுவும் வேலை இல்லையா?"

இல்லையம்மா என்றேன். எனக்கே பாவமாக இருந்தது.

"அப்ப எங்க ஹெட் சிஸ்டர் பௌதிகம் படிச்சவங்கதான் சார். அவங்களும் இதத்தான் சொல்றாங்க."

ஏன் இழுக்குது?

பூமி எல்லாவற்றையும் இழுக்கிறது என்றேன். "ஏன் சார் இழுக்குது?" என்றாள் செல்வி. நிறை இருக்கிறது, அதனால். "நிறை இருந்தா எதுக்கு இழுக்கணும்?" விடமாட்டேன் என்கிறாள். எப்படி இழுக்கிறது என்று சொல்லலாம், அடியோடு ஏன் என்று கேட்டால் இன்றுவரை யாருக்கும் முழுசாகத் தெரியாது என்று ஒப்புக்கொண்டேன். அடடா, அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"பெரிய பெரிய ஆளுகளும் பெயிலுதானா சார்? இப்பத்தான் மனசு ஆறுது."

ரிசல்ட்

தவமணி பாஸ். செல்வி சயின்ஸில் பாஸ், கணக்கில் போச்சு. கணக்கு நடத்தியது முதலாளி. நன்றாகப் படித்த பிள்ளை; இனி மாமன் மகன்தான் என்று நினைத்தேன். அவளோ சிரித்துக்கொண்டே மாடியேறி வந்தாள். கல்யாணம் என்னாச்சும்மா என்றேன்.

"எங்கப்பா நம்பவே இல்ல சார். ஆகாசம் பூமின்னு எழுதிப் பாஸான புள்ள கூட்டல் கழித்தல்ல போகுமா, பேப்பர் திருத்துனவன் தூங்கிட்டான்னு ஒரே சத்தம். கல்யாணத்த நிப்பாட்டிட்டு, இன்னொரு வருசம் படின்னுட்டாரு. நீங்க கணக்கையும் கணக்கு இல்லாம நடத்துவீங்களா சார்?"

அந்த வருஷம் கணக்கு வகுப்பும் என் தலையில் விழுந்தது. சம்பளம் மட்டும் பௌதிகத்துக்குத்தான் வந்தது.