பதின்மூன்று புள்ளி இரண்டு

சக்ரபாணி குட்டி ஃபேனின் அடிப்பெட்டி மேல் கையை வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார். சூடு.

கரண்ட் போனது பத்து மணிக்கு. இப்போது பத்தே முக்கால். சார்ஜ் நின்று முக்கால் மணி நேரம் ஆன பிறகும் சூடு ஏறிக்கொண்டே போகும் பேட்டரியை அவர் முப்பத்தொரு வருட சர்வீஸில் பார்த்ததில்லை.

லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அவருக்குப் பேட்டரி செக்‌ஷன். ரயில் பெட்டிகளின் விளக்குக்கும் விசிறிக்குமான ஆசிட் பேட்டரிகளைப் பார்க்கும் வேலை. இன்று லீவு. அப்பா அரக்கோணத்திலிருந்து அதே ஒர்க்‌ஷாப்புக்கு வந்தவர். சக்ரபாணி இங்கேயே பிறந்து, தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்து, தமிழை வீட்டில் மட்டும் பேசி வளர்ந்தவர். சட்டைகளிலெல்லாம் ஆசிட் தெறித்த பொட்டு ஓட்டைகள். பயந்த சுபாவம். கேஸ் குழாயை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் படுப்பார். "மூணாவது தடவையும் பாத்துடுங்க, பாவம் அதுக்கும் தனியா பயமா இருக்கும்" என்பாள் மனைவி ஷோபா. பேட்டரியிடம் மட்டும் அவருக்குப் பயம் கிடையாது.

2012 கோடையில் தினமும் பத்திலிருந்து பன்னிரண்டு வரை கரண்ட் இல்லை. சைனிக்புரியில் மகள் சுபாஸ்ரீயின் நான்கு மாதக் குழந்தை வர்ஷினிக்கு வியர்க்குரு. மருமகன் ஷ்யாம் பேகம்பேட்டில் சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவன். ஆபீஸில் தூக்கிப்போடும் லேப்டாப் பேட்டரிகளை மாமனாருக்குக் கொண்டுவந்து தருவான். சக்ரபாணி அவற்றை உடைத்து, உள்ளே இருக்கும் லித்தியம் செல்களை மூன்று மூன்றாக வரிசையில் கோத்து, கம்ப்யூட்டர் விசிறி ஒன்றை மாட்டி, இரண்டு ஃபேன் செய்தார். ஒன்றை நேற்றுச் சாயங்காலம் மகளிடம் கொடுத்தார். இன்னொன்று ஷோபாவுக்கு. "ஈ மாதிரி கத்துது. எனக்கு நக்கோ, வேணாம்" என்று அவள் அதைத் தொடவே இல்லை.

இரண்டு ஃபேனிலுமே மூன்றில் ஒரு செல் கொஞ்சம் மந்தம். ஒர்க்‌ஷாப்பில் இதற்குக் கைப்பழக்கமாக ஒரு வைத்தியம் உண்டு. வோல்ட்டை ஒரு படி கூட்டி வைத்து வரிசை முழுவதையும் சார்ஜில் விட்டுவிடுவார்கள். பலமான செல்கள் நிரம்பிய பிறகு சும்மா கொதிக்கும். கொதிக்கட்டும். மந்தமானது வந்து சேர்ந்துகொள்ளும். பிறகு தண்ணீர் ஊற்றி மூடினால் ஆயிற்று. பன்னிரண்டு புள்ளி ஆறு வோல்ட் போதும் என்று ஷ்யாம் சொல்லியிருந்தான். சக்ரபாணி சிரித்துக்கொண்டார். சார்ஜ் ஏற்றும் இரண்டு அடாப்டரிலும் பதின்மூன்று புள்ளி இரண்டு வைத்தார்.

இப்போது பெட்டியைத் திறந்து, சார்ஜ் ஏறிய பிறகு முதல் தடவையாக ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக மீட்டரில் பார்த்தார். 4.66. 4.69. 3.80. மந்தமானது வந்து சேரவில்லை. மற்ற இரண்டும் அதன் பங்கையும் சேர்த்து விழுங்கியிருந்தன.

ஷ்யாம் ஆபீஸில் அச்செடுத்துக் கொடுத்த தாள் மீட்டருக்கு அடியில் மடித்தபடி கிடந்தது. பேட்டரியைப் பற்றி யாரோ எழுதியதை நான் என்ன படிப்பது என்று விட்டிருந்தார். பிரித்தார். எந்தச் செல்லும் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தீ. கட்டம் போட்டு எழுதியிருந்தது.

சீறல் கேட்டது. பழைய பேப்பரோடு பெட்டியைத் தூக்கிப் பின்கட்டுக்கு ஓடி மணல் வாளியில் போட்டார். கையை எடுப்பதற்குள் வெள்ளையாக ஒரு ஜுவாலை ஆள் உயரத்துக்கு எழுந்தது. மணல் கருகி நாறியது.

"ஐயோ, என்னங்க அது!" ஷோபா ஓடிவந்தாள்.

"சுபா வீட்டுல ஒண்ணு இருக்குது" என்றார் சக்ரபாணி.

எப்பவும் ப்ளக்குல கிடக்கட்டும், கழட்டாதே என்று அவர்தான் சொல்லியிருந்தார். சுபா சொன்னதைக் கேட்கிற பெண். தொட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்திருக்கிறாள். பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் வரும். சார்ஜ் மறுபடி ஏறும்.

நான்கு தடவை போன் செய்தார். குழந்தை தூங்கும்போது சுபா போனைச் சத்தமில்லாமல் வைத்துவிடுவாள். அடுத்து ஷ்யாமைக் கூப்பிட வேண்டும். தப்பு செய்தேன் என்று அவனிடம் சொல்ல வேண்டும். கட்டைவிரல் பட்டன் மேலேயே நின்றது. அப்படி நின்ற ஒரு நிமிஷத்துக்காக அவர் பிற்பாடு தன்னை மன்னிக்கவே இல்லை.

"பதிமூணு ரெண்டா? நான் பன்னெண்டு ஆறுன்னுதானே சொன்னேன் மாமா?"

"ஆமா. நீங்க சொன்னீங்க."

"நான் கெளம்பறேன். ஆனா இங்கேந்து ஒரு மணி நேரம் ஆகும். நீங்க ஓடுங்க மாமா."

வீட்டிலிருந்து ஓடி லோத்குண்டா மெயின் ரோட்டில் ஆட்டோ பிடிப்பதற்குள் பதினொன்றே கால். வழியில் ராணுவ லாரிகள் வரிசையாகக் குறுக்கே போயின. ஒன்று, இரண்டு, பதினெட்டு. சக்ரபாணி சீட்டின் நுனியில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்திருந்தார்.

"கைக்கு இத்னா பரேஷான் சாச்சா? ஆஸ்பத்திரி கேஸா?" ஏன் இவ்வளவு பதற்றம் என்று ஆட்டோக்காரன் திரும்பிப் பார்த்தான்.

"பூச்சோ நக்கோ பேட்டா. சலோ." எதுவும் கேட்காதே, போ என்றார்.

சைனிக்புரியில் சுபாவின் தெருமுனையில் இறங்கினார். பதினொன்று ஐம்பது. இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது என்று நினைத்த அதே நொடியில் முதல் வீட்டில் தண்ணீர் மோட்டார் உறுமியது. அடுத்த வீட்டில் டி.வி. பேசியது. கரண்ட் வந்துவிட்டது.

அவர் ஓடினார். ஐம்பத்தாறு வயதில், ஒரு செருப்பு கழன்று விழ, தெருவே பார்க்க ஓடினார். சுபா கதவைத் திறந்தாள். "அப்பா! ஏமைந்தி?" அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். அடாப்டரில் சிவப்புப் புள்ளி எரிந்தது. தொட்டிலில் குழந்தை வாயைத் திறந்தபடி தூங்கியது. அதன் நெற்றி முடி காற்றில் அசைந்தது. ப்ளக்கைப் பிடுங்கினார். ஃபேனை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்து, எதிர் மனையில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் புதைத்தார்.

வெதுவெதுப்புத்தான். இரண்டு மணி நேரம் அது குழந்தைக்குச் சுற்றியிருக்கிறது. உள்ளே இருந்ததில் பாதி காற்றாகப் போயிருக்கும். வீட்டில் எரிந்ததோ யாரும் தொடாமல் நிரம்பியே கிடந்தது. புத்திக்கு அது விளங்கியது. ஆனாலும் இன்னும் இரண்டு கை மணலை அள்ளி மேலே போட்டார்.

"என்ன ஆச்சுன்னு சொல்லுங்கப்பா."

"நான் தப்பா செஞ்சிட்டேன் சுபா."

அப்பாவின் வாயிலிருந்து இந்த வார்த்தையை அவள் கேட்டதில்லை. அவருடைய ஒற்றைச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "சரி, உள்ள வாங்க. வெயில்ல நிக்காதீங்க, ப்ளீஸ்."

"வரேன். நீ போ."

மணல் எரியவில்லை. ஷ்யாம் வந்தான், ஒரு மணி ஆயிற்று, இரண்டு மணி ஆயிற்று. சக்ரபாணி செங்கல் ஒன்றின் மேல் உட்கார்ந்து, கிட்டே வந்த நாயையும் சைக்கிளில் வந்த பையன்களையும் விரட்டினார். மூன்று மணிக்குக் குழந்தை விழித்தது. சுபா அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, அதன் கையைப் பிடித்து அவருக்கு ஆட்டிக் காட்டினாள்.

அவர் எழுந்து நின்று, இரண்டு கைகளையும் வீசி, உள்ளே போ, உள்ளே போ என்றார்.