இன்னும் ஒரு ஆளு

எனக்குப் பேத்தி பொறந்து கீது. மொதல்ல அத சொல்லிடறேன். பங்குனி கடைசில பொறந்துச்சி. மூக்கு எம்பொண்ணு காவ்யா மாறி. காது மட்டும் எங்க சம்மந்தி வேலுசாமி மாறி, வெளிய மடிஞ்சினு நிக்கும். நான் அண்ணனூர்ல கீறேன், அம்பத்தூர் எஸ்டேட்டுல ஒரு குடோனுக்கு வாட்ச்மேன். பேரு டில்லிபாபு. டூட்டி முட்ச்சி வந்தா சட்டயக்கூட கயட்டாம தூளியாண்ட போய் குந்திக்குவேன். மொதல்ல கால கய்வுன்னு எம்பொஞ்சாதி மங்களம் தெனம் கத்துவா. நானு வெளக்கு கம்பத்துக்குக்கூட இந்தக் கொயந்த பேச்ச சொல்லிகினு திரியிறேன்னு எஸ்டேட்டுல ஓட்றானுங்க. ஓட்டட்டும்.

இந்த சந்தோசத்த சொல்லத்தான் குந்துனேன். ஆனா கொயந்தயப் பத்தி பேச்ச எடுத்தா அந்தக் காதுல வந்து நிக்குது. அதனால வேலுசாமியப் பத்தியே சொல்லிட்றேன்.

அவரு திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் வேன் ஓட்டிகினு இருந்தாரு. அவங்கப்பா காலத்துல அங்க கண்டவன் வயல்ல கூலிக்கு நாத்து நட்ட குடும்பம். வயலெல்லாம் பிளாட்டு ஆச்சி, இவரு ஸ்டேரிங் புட்ச்சாரு. மொதல்ல ஆட்டோ, அப்பால வேன். கோயிலாண்ட ஸ்டேண்டுல அவரு வேன் எதுன்னு யாரும் கேக்க வேணாம். எந்த வேன்ல ஆளுங்க உள்ள குந்திகினு வேர்த்து ஊத்தி திட்டிகினு கீறாங்களோ, அதான் அவரு வேன்.

இன்னான்னா, கடைசி சீட்டு ரொம்பாம அவரு வண்டிய எடுக்க மாட்டாரு. மத்த டிரைவருங்க ஒன்னு ரெண்டு சீட்டு காலியா கீறப்பவே எடுத்துடுவானுங்க, வழில ஏத்திக்கலாம்னு. இவரு மாட்டாரு. ஃபுட்போர்டாண்ட நின்னுகினு, "இன்னும் ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு"ன்னு கூவிகினே இருப்பாரு. உள்ள கீற பொம்பளைங்க, யோவ் எறங்கி பஸ்ல போய்டுவோம்னு கத்துவாங்க. பஸ்ஸு வர்றதுக்குள்ள அந்த ஒரு ஆளு வந்துடுவாம்மான்னு சிரிப்பாரு. துட்டுக்கோசரம்னு நெனைக்காதீங்க. வண்டி ரொம்பனப்பறமும் தூரத்துல யாராச்சும் ஓடி வர்றது தெரிஞ்சா நிப்பாட்டிடுவாரு. வுட்டுட்டுப் போனா அந்த மூஞ்சி ரூட்டு பூரா கண்ணாடில தெரியும்ன்னுவாரு.

நான் அந்த வேன்ல அப்படி ஏறுனவன்தான். ஒரு நாள் நான் ஓடியாந்து ஏர்றேன், உள்ள கீற மொத்தப் பேரும் என்ன மொறைக்கறாங்க. இவரு மட்டும், வா அண்ணாத்தே, உன்னத்தான் பாத்துகினு இருந்தோம்னாரு. அங்க ஆரம்பிச்ச பயக்கம்தான் சம்மந்தி வரைக்கும் வந்துச்சி.

அவருக்கு ஒரே புள்ள, கோகுல்நாத். அம்பத்தூர் ஐடிஐல டீசல் மெக்கானிக் படிச்சான். கொஞ்ச நாள் எஸ்டேட்டுல ஜெனரேட்டர் சர்வீஸ் பண்ணான், அப்பால துபாய், அங்கருந்து கனடா. கனடான்னா நீங்க நெனைக்கற ஊரு இல்ல. அதுக்கும் மேல, வடக்கு கடைசி, கடல் ஓரம். ரோடே கெடையாதாம். கடலு வருசத்துல முக்காவாசி நாளு கல்லு மாறி ஒறஞ்சி கெடக்குமாம். சின்ன பிளேன் வந்தாதான் பாலு, மருந்து, ஆளு எல்லாம். ஊருக்கே டீசல் இன்ஜின்லதான் கரண்டு. அந்த இன்ஜின பாத்துக்கறதுதான் இவன் வேல. போன வைகாசில வந்து எம்பொண்ண கட்டிகினான், ரெண்டு மாசம் இருந்தான், போய்ட்டான். கொயந்த பொறக்கறப்ப லீவு கெடைக்கல. சித்திரைல வரேன்னு டிக்கெட்டு போட்டுட்டான்.

கொயந்த பொறந்ததும் சம்மந்தியம்மா ஜெகதாம்பாள் ஓடியாந்து பாத்துட்டு போனாங்க. வேலுசாமி வரல.

இன்னா சம்மந்தி, பேத்தியப் பாக்க வரலியான்னு போன் பண்ணேன். அப்பங்காரன் கையில தூக்காத கொயந்தய தாத்தங்காரன் போய் மொதல்ல தூக்கறதான்னாரு. அவன் வரட்டும், ரெண்டு பேருமா வரோம்னாரு. சரி, வீடியோலயாவது பாருன்னா அதுவும் மாட்டேன்றாரு. சம்மந்தியம்மா போன மூஞ்சிக்கு நேரா நீட்டுனா கண்ண மூடிக்குவாராம். இந்த மன்சனுக்கு பேத்தியவிட கட்டுப்பாடுதான் பெருசுன்னு அந்தம்மா திட்டித் தீத்தாங்க. திருவேற்காடு எங்கூட்டுலருந்து கூப்புடு தூரம், பைக்ல போனா டீ ஆறாது.

ஆனா ஒன்னு. தெனம் காலைல மொத டிரிப்புக்கு முன்னால எனக்கு போன் பண்ணுவாரு. கொயந்த அய்தா போன காதுல வெய்யின்னுவாரு. சத்தம் கேக்கலாம், அதுல தப்பில்லன்னு அவரா ஒரு சட்டம். அது வீறிட்டு அய்வும். இவரு அந்தாண்ட நல்லா கேட்டுட்டு, "ஹாரன் நல்லா கீது சம்மந்தி"ன்னு வெச்சிடுவாரு.

சித்திர வந்துச்சி. இங்க வெயிலு மண்டயப் பொளக்குது. அங்க அது வசந்த காலமாம். பனி கரையறதுக்கு முன்ன, அந்த ஊரு சனம் குடும்பத்தோட ஒறஞ்ச கடலு மேல வண்டி ஓட்டிகினு போய் கூடாரம் போட்டு மீனு புடிக்குமாம். அந்த நேரம் பாத்து அட்ச்சிச்சி ஒரு பனிப் புயலு. கரையோரம் கீற மூணு ஊரும் மாட்டிகிச்சி. கோகுலு பிளேன் ஏற வேண்டிய நாளுக்கு மொத நாளு.

மழையாடான்னு வேலுசாமி கேட்டாராம் போன்ல. மழ இல்ல நைனா, பனி, மேலருந்து வுயல, பக்கத்துலருந்து மண்ணு மாறி பறந்து அடிக்குது, கதவ தொறந்து கைய நீட்டுனா கை தெரியலன்னு இவன் சொல்லி கீறான். ஊட்டுலருந்து இன்ஜின் ரூமுக்கு கயிறு கட்டி, அத புட்ச்சிகினுதான் போவணுமாம். கயித்த வுட்டா பத்தடில ஆளு காணாப்போய்டுவானாம். கெணத்துல எறங்குற மாறியா கீதுன்னாராம் இவரு, அப்படித்தான் அவருக்குப் புரிஞ்சிச்சி. பக்கத்து ஊருல கம்பம் சாஞ்சி கரண்டு போச்சி. இவன் ஊருலயும் பாதி ஊடு இருட்டு. கொயந்த குட்டிங்க எல்லாரையும் இஸ்கூல் ஹாலுக்கு இட்டாந்து படுக்க வெச்சிட்டாங்க. அந்த ஹாலுக்கு சூடு இவன் இன்ஜின்லருந்துதான். கூட வேல செய்ற ஆளு, கடலு மேல கூடாரம் போடப் போனவன், திரும்பல. அவனத் தேடி ஆளுங்க போய் கீறாங்க. இவன் ஒத்தையா ரெண்டு இன்ஜினயும் பாத்துகினு கீறான்.

நாளு போய்கினே இருந்துச்சி. வேலுசாமி முன்ன மாறி இல்லன்னு ஸ்டேண்டுல சொன்னாங்க. படி ஏறுனா மூச்சி வாங்குதாம். கேட்டா வயித்துல கேஸுன்னு சொல்லி கோலி சோடா குடிப்பாராம். எனக்கு மனசு கேக்கல. ஒரு ஞாயித்துக்கெயம பைக்க எடுத்துகினு நேரா அவரு ஊட்டுக்கே போய்ட்டேன். பின்னாடி குந்து, பாத்துட்டு வந்து வுட்டுட்றேன்னேன். சம்மந்தியம்மாவும் சேந்துகினாங்க. புள்ள வந்தா அவனோட இன்னொரு தபா போய் பாரு, யாரு வேணாம்னாங்கன்னு கேட்டாங்க. அவரு எய்ந்து உள்ள போனாரு. இஸ்திரி போட்ட வெள்ள சட்டய மாட்டிகினு வந்தாரு. பேத்தியப் பாக்கறதுக்குன்னே எடுத்து வெச்ச சட்டயாம் அது. செருப்பும் போட்டாச்சி. வண்டில கால தூக்கிப் போடப் போறாரு, போன் அடிக்குது.

கோகுலுதான். காத்து நின்னுட்ச்சி நைனா, வெளிய வானம் தெரியுது, கூட்டாளியும் உசுரோட வந்துட்டான், நாளைக்கு பிளேன் வரும்ன்றாங்கன்னான். சந்தோசத்துல அவன் கொரலு எனக்கே கேட்டுச்சி.

வேலுசாமி தூக்குன கால கீய வெச்சிட்டாரு.

"இன்னும் ஒரு ஆளுதான் சம்மந்தி. வந்துட்டான்னா கெளம்பிரலாம். இவ்ளோ நேரம் நின்னாச்சி, இப்ப போய் வண்டிய எடுக்கறதா?"

சட்டய கயட்டி மடிச்சி வெச்சிட்டாரு. நான் சிரிச்சிகினேதான் வந்தேன். புள்ள வரான்னு சொன்னப்பறம் யாரு இன்னா சொல்றது.

அந்தப் புயலு நிக்கல. மூச்சு வாங்கிகினு இருந்துச்சி, அவ்ளோதான். கோகுலு அப்பால வந்து சொன்னான், மறுநாளு அட்ச்சதுதான் பெருசுன்னு. வந்த பிளேன் பாதில திரும்பிப் போய்டுச்சாம்.

அந்த மறுநாளு காலைல எனக்கு போன் வரல. கொயந்த அய்துகினு கீது, நான் போன கையில வெச்சிகினு நிக்கறேன், அவரு கூப்புடல. கொஞ்சம் பொறுத்து சம்மந்தியம்மா கூப்ட்டாங்க. குளிச்சிட்டு வந்து நெஞ்சப் புட்ச்சிகினு குந்துனாராம். ஆசுபத்திரிக்கு போற வழிலயே முடிஞ்சிடுச்சி.

ஐஸ் பொட்டில வெச்சி வாசல்ல பந்தலு போட்டாங்க. ஸ்டேண்டே அங்க கீது. ஒரே புள்ள, அவன் வந்துதான் கொள்ளி வெக்கணும், எத்தினி நாளானாலும் வெச்சிருக்கலாம்னு பெருசுங்க சொன்னாங்க. இல்ல எடுத்துடலாம்னு சில பேரு. யாருக்கும் மனசு இல்ல. ரெண்டு ராத்திரி போச்சி. பொட்டி மேல தண்ணி முத்து முத்தா நிக்குது, தொடைக்க தொடைக்க வருது. அக்னி வெயில்ல இங்க அவருக்கு ஐஸு, அங்க இவனுக்கு ஐஸு.

மூணாம் நாளு கோகுலு லைன்ல கெடச்சான். பின்னால இன்ஜின் சத்தம். நான் ஊட்டு ஓரமா போய் பேசுனேன். அவன் அயல. அய்து முட்ச்சவன் பேசற மாறி பேசுனான்.

"மாமா, நைனாவ வெச்சிகினு இருக்காதீங்க. எடுத்துடுங்க. பிளேன் வந்தாலும் நான் உடனே ஏற முடியாது. கூட்டாளி கை பனில மரத்துப்போய் படுத்து கீறான், ஒரு இன்ஜினும் நின்னு கீது. இன்னொன்னும் நின்னா ஹால்ல கீற கொயந்தைங்க..." அதுக்கு மேல சொல்லல. அப்பால, "அவரு ஆருக்கோசரமும் வண்டிய நிறுத்துவாரு. நீங்க எடுக்கலன்னா எனக்கோசரம் நின்னுகினே இருப்பாரு. அதனாலதான் சொல்றேன்"னான்.

நான் போய் சொன்னேன். வேலுசாமியோட அண்ணன் புள்ள தேவா கொள்ளி வெக்கறதுன்னு ஆச்சி. அப்பத்தான் நெய்ப்பந்தம் பேச்சு வந்துச்சி. பேரன் பேத்தி இருந்தா கையில நெய்ப்பந்தம் புட்ச்சி பொணத்த சுத்தி வரணும், அதுதான் தாத்தனுக்கு வெளிச்சம்ன்னுவாங்க. இவருக்கு பேத்தின்னு கீறது என் ஊட்டு தூளில தூங்குது, பக்கத்து ஊட்டம்மா பாத்துகினு கீது. பச்ச கொயந்தய சாவு ஊட்டுக்கு தூக்கியாரக் கூடாதுன்னு பாதிப்பேரு. மங்களமும் அதான் சொன்னா, எனக்கும் அதான் பயம். கொயந்தன்னா எனக்கு உசுரு, காத்து கருப்பு பட்டுட்டா இன்னா பண்றது.

ஜெகதாம்பாள் அது வரைக்கும் செவுத்த பாத்துகினு குந்தினு இருந்தாங்க. திரும்பாமலே சொன்னாங்க:

"அவருதான் அதப் பாக்கல. அதுவாச்சும் அவரப் பாக்கட்டும்."

காவ்யா எய்ந்து போய் ஆட்டோல தூக்கியாந்துட்டா. தலைல வேப்பல சொருகி, துணியில சுத்தி, எங்கிட்ட குடுத்தா. அந்த வெள்ள சட்டயத்தான் அவருக்குப் போட்டு கீறாங்க. குச்சி நுனில துணி சுத்தி நெய்யில தோய்ச்சி கொளுத்துனாங்க. கொயந்த கைய நான் புட்ச்சி, அந்தக் கைக்குள்ள குச்சிய வெச்சி, தள்ளி நீட்டிகினு சுத்தி வந்தேன். அதுக்கு தாத்தா தெரியல, நெருப்புதான் தெரிஞ்சிச்சி. நெருப்ப பாத்துகினே வந்துச்சி. நான் ரெண்டு காதையும் பாத்தேன், அவருதயும் அதுதயும். ஒரே அச்சி.

அப்பால தூக்கி வண்டில வெச்சாங்க. டிரைவரு புது ஆளு, இவரப் பத்தி தெரியாதவன். வயக்கமா கேக்கறதுதான் கேட்டான், இன்னும் யாராவது வரணுமான்னு.

ஸ்டேண்டு ஆளுங்க எல்லாரும் தரைய பாத்தாங்க. சம்மந்தியம்மா வண்டிப் பின்கதவுல கைய வெச்சினு நின்னாங்க. அப்பால கைய எடுத்துட்டு, "எடுப்பா"ன்னாங்க.

வண்டி நவுந்ததும் எங்கையில கீற கொயந்த வீறிட்டு அய்ய ஆரம்பிச்சிச்சி. காவ்யா வாங்க வந்தா. நான் குடுக்கல. மெயின் ரோடு திரும்பற வரைக்கும் வண்டி பின்னாடியே தூக்கினு நடந்தேன். அய்வட்டும்னு வுட்டேன். அவருக்கு அடையாளம் தெரிஞ்சது அந்த சத்தம் ஒன்னுதான்.