முந்திக்கொள்ளும் கைகள்

கருமத்தம்பட்டியில் பஸ் ஏறியதிலிருந்தே ஜெபராணி ஓயவில்லை. மடியில் இருந்த மகளின் காதில் ஒரே பாட்டுத்தான். "கண்ணு, அங்க டம்ளரு குடுப்பாங்க. நீயேதான் புடிச்சுக் குடிக்கோணும். சரியா சாமி?"

ஆறு வயது ஜெனிதாவுக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். கால்கள் விறைத்துப் பின்னிக்கொள்ளும். கை நினைத்த இடத்துக்குப் போகாது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்குக் கேட்டதற்கு, தானாகச் சாப்பிடுவாளா, குடிப்பாளா என்று சோதித்து வாருங்கள் என்றுவிட்டார் தலைமையாசிரியை. முடியாதென்றால் தூரத்து விடுதிப் பள்ளிதான். தூக்கத்தில் புரட்டிப் படுக்க வைக்கவே ஆள் வேண்டிய பிள்ளையை எவர் கையில் விட்டுவிட்டு வருவது?

கோயம்புத்தூர் சிகிச்சை மையத்தில் சோதித்தவள் ஹாரிகா என்ற சின்ன வயசு தெரபிஸ்ட். காலை மடக்கிப் பார்த்தாள், தவழ விட்டாள், கம்பியைப் பிடித்து நிற்க வைத்தாள். பிறகு, "பாப்பா, செருப்பக் கழட்டு" என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, ஜெபராணி குனிந்து கழற்றிவிட்டாள். பொத்தானைப் போடச் சொன்னாள். அதையும் அம்மாவே போட்டாள்.

விசைத்தறியில் பதினைந்து வருஷமாக நிற்பவள். நூல் அறுந்தால் மனசுக்குத் தெரியும் முன்பே விரல் முடிச்சுப் போட்டிருக்கும். பிள்ளை விஷயத்திலும் அப்படியே பழகிவிட்டது. பஸ்ஸில் அத்தனை புத்தி சொன்னவளின் கை, அவள் சொன்னதையே கேட்கவில்லை.

"ஏனுங்கக்கா, நான் பாப்பாவத்தானுங்களே பாக்கோணும்? செத்த வெளிய இருங்க" என்றாள் ஹாரிகா.

கதவுக்கு வெளியே நின்றவள் கதவோடு காதை வைத்தாள். உள்ளே சத்தமே இல்லை. திடீரென்று டம்ளர் விழுந்து உருண்டது. தொடர்ந்து தொப்பென்று இன்னொரு சத்தம். ஜெபராணி கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

தரையெல்லாம் தண்ணீர். ஜெனிதா பாயில் கவிழ்ந்து கிடந்தாள். ஹாரிகா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், தூக்கவில்லை. ஜெபராணி பாய்ந்து டம்ளரை எடுத்து மகள் கையில் திணித்தாள். ஜெனிதா அதை வாங்கவில்லை. புறங்கையால் தட்டிவிட்டாள். அது உருண்டு போன திசையில் முழங்கையை ஊன்றி இழுத்து இழுத்து நகர்ந்தாள்.

"நீ... வெளிய... போம்மா" என்றாள்.

ஜெபராணி போனாள். கதவை அவளே சாத்தினாள்.

வெகு நேரம் கழித்து ஹாரிகா கதவைத் திறந்தாள். "மறுக்கா ஊத்துனதுல பாதி சிந்திப்போட்டு மீதியக் குடிச்சுட்டாளுங்க. பிஸ்கட்டும் அவளே தின்னா. நடக்க வாக்கர் எப்பவும் வேணுமுங்க, அத மறைக்க மாட்டேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்துலயே சேர்க்கலாம்னு சொல்லிடறேன். ஊட்டுல ஒண்ணொண்ணா அவளையே செய்ய உடுங்க, போதும்."

விடுதி இல்லை. கும்பிட்டு அழ வேண்டிய நேரம் அது. ஜெபராணிக்கு அழுகை வரவில்லை. உள்ளே ஜெனிதா துண்டால் தன் முகத்தைத் தானே துடைத்துக்கொண்டிருந்தாள். வாயைத் தேடிப் போன துண்டு காதில் இடித்தது, மறுபடி வந்தது, கடைசியில் வாயைத் தொட்டது. இது இவளுக்கு இந்த ஆறு வருஷத்தில் எப்போதோ வந்திருக்குமோ, நான்தான் வரவிடாமல் செய்துபோட்டேனோ என்ற பயம் அப்போதுதான் ஜெபராணியைப் பிடித்தது. அதை ஹாரிகாவிடம் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.